செத்த வீட்டுக்குக் கொடுத்த வைஃபை

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீடுகளில் இருந்து முதலில் போவது சனம் உட்காரக் கதிரை. அடுத்தது தேத்தண்ணிப் பானை. அதற்கடுத்தது எங்கள் வீட்டு வைஃபை. இதையெல்லாம் செத்த வீட்டுக்காரர் வாய் திறந்து கேட்கக் கூடாது, நாங்களாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்ததை அடக்கம் முடியும்வரை திருப்பி வாங்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் பெட்டி தூக்கமுன்னம் தன் கதிரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன ஒருவர் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ‘கதிரை வீட்டார்’ என்றுதான் பெயர்.

வைஃபை இந்த வரிசையில் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் கூரை. மன்னார்த் தீவில் எல்லா இடமும் சிக்னல் இருக்கிறது, எங்கள் ஒழுங்கையைத் தவிர. போனைக் கையில் பிடித்தால் சிக்னல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நான்தான் ஒரு நீட்டுக் குழாயைக் கூரைக்கு மேல் நிறுத்தி, அதன் நுனியில் அன்ரனா கட்டி, வயரைக் கீழே ரவுட்டருக்கு இழுத்தேன். குழாயில் ஏறி நின்றபோது பக்கத்து வீட்டு மாமி விளக்குமாற்றோடு முற்றத்துக்கு வந்து கத்தினா.

“இறங்கடா குரங்கு! விழுந்து செத்தியெண்டால் உன்ர கொம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“நான் செத்தால் நீங்கள் ஒப்பாரி வையுங்கோ மாமி. உங்கட குரலுக்கு ரவுட்டரே தேவையில்லை, கனடாவுக்கு நேராக் கேக்கும்.”

விளக்குமாறு பறந்து வந்தது. மாமிக்குக் குறி தப்பாது.

அந்த மாமிதான் செத்துப்போனா. அதுவும் எங்கள் அக்காவின் இன்டர்வியூவுக்கு முதல் நாள்.

அக்காவின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படித்தவள் அவள்தான். நான் ஓ.எல். கணக்கில் பெயில்விட்டு மீன் வாடி வேலைக்குப் போனவன். அவள் முதியோரைப் பராமரிக்கும் கோர்ஸ் முடித்து, வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். முதல் தரம் இன்டர்வியூ நடுவில் கரண்ட் போய் எல்லாம் கெட்டது. இன்னொரு தரம் தருகிறோம், இது கடைசி என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அறையில் தனியாக இருக்க வேண்டும். ஒருவரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இணைப்பு அறுந்தால் அதோடு சரி.

அக்காவுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். அவள் போகாவிட்டால் என்னைத் திட்டுவதற்கு வீட்டில் ஒருத்தி நிரந்தரமாக இருப்பாள் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். உண்மையில், போன தரம் கரண்ட் போன பிறகு அவள் இருட்டில் அந்தக் கறுத்த லாப்டொப்புக்கு முன்னால் நெடுநேரம் அசையாமல் இருந்ததை நான் பார்த்திருந்தேன். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இன்டர்வியூ நாள் பின்னேரம்தான் மாமியின் அடக்கமும். காலையிலேயே அம்மா கதிரைகளோடு பாஸ்வேர்ட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டா. அக்கா மறிக்கவில்லை. யாரால் மறிக்க முடியும்? மாமியின் மூத்த மகன் கனடாவில் இருக்கிறார். அவருக்கு இன்னும் பேப்பர் கிடைக்கவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. தாயின் முகத்தை அவர் கடைசியாகப் பார்ப்பது எங்கள் கூரைக் குழாய் வழியாகத்தான்.

“நீ தொடங்கும்வரைக்கும் மேசைக்குக் கீழ இரு. ஏதும் பிழைச்சால் பார்க்கவேணும். இன்டர்வியூ எடுக்கிற மனுசி வந்தவுடன யன்னலால போயிடு,” என்றாள் அக்கா.

“தும்மல் வந்தால்?”

“தும்மிப் பார். கழுத்தை முறிப்பன்.”

“முதியோரைப் பராமரிக்கிற ஆள் கதைக்கிற கதையே இது?”

அவள் காலால் ஒரு உதை விட்டாள். அந்த நேரத்தில் திரையில் அந்த மனுசி வந்துவிட்டா. வெள்ளைத் தலை, சங்கிலி கோத்த கண்ணாடி. மேசைக்குக் கீழே இருந்து பார்த்தால் எதிர்ப்பக்க அலுமாரிக் கண்ணாடியில் திரை தெரியும். படம் பளிங்கு மாதிரி இருந்தது. வணக்கம் சொன்னார்கள், சிரித்தார்கள். சரி, தம்பியின் வேலை முடிந்தது என்று யன்னல் பக்கம் தவழத் தொடங்கினேன். பக்கத்து வீட்டில் மணி ஒலித்தது. ஃபாதர் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது, நான் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

மனுசி ஒரு கேள்வி கேட்டா. அக்கா உடனே பதில் சொன்னாள். மனுசியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, காது கேட்காதவ மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா. அக்கா சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மனுசி கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினா. பாதியில் திடுக்கிட்டு நிறுத்தினா, அக்காவின் பதில் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘சொறி’ என்றா. அக்காவும் ‘சொறி’ என்றாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கதைத்தார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள். ஒடுங்கின ஒழுங்கையில் எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள்காரர் ஒரே பக்கம் ஹாண்டிலை ஒடிப்பது போல.

படம் உடைந்திருந்தால் ‘லைன் சரியில்லை’ என்று சொல்லியிருக்கலாம். படம் உடையவில்லை. குரலும் அறவில்லை. எல்லாம் முழுசாக, சுத்தமாக, பிந்திப் போய்ச் சேர்ந்தது.

நான் கையை நீட்டி ரவுட்டரை யன்னல் ஓரத்துக்கு நகர்த்தினேன். சிக்னல் விளக்குகள் முழுசாக எரிந்தன. பிந்தல் போகவில்லை. அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கலாமா என்று கூட யோசித்தேன், தலை திரையில் தெரியும் என்றபடியால் விட்டேன்.

கேள்வி கேட்டால், ஒரு மௌனம், பிறகு பதில். ஒவ்வொரு தரமும் அந்த மௌனம் நீண்டது. அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு பெண், கேள்வியைக் கேட்டதும் பேசாமல் இருக்கிறாள், பிறகு பாடமாக்கினது போல மளமளவென்று சொல்கிறாள். மனுசியின் கண் அக்காவின் முகத்தை விட்டுப் பக்கத்தில் தேடத் தொடங்கியது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டா.

என் இங்கிலிஷ் போன் கேம் இங்கிலிஷ். ஆனாலும் அடுத்த கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது.

உமக்குப் பதில் சொல்லித் தருவது யார்?

“நோபடி,” என்றாள் அக்கா, உடனே.

அந்த ‘நோபடி’யும் பிந்தித்தான் போனது. ஒருவரும் இல்லை என்று சொல்லட்டுமா என்று யாரிடமோ கேட்டுவிட்டுச் சொன்னது போல.

அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னா மனுசி.

அக்கா மேசைக்குக் கீழே காலால் யன்னலைக் காட்டினாள். அவள் லாப்டொப் வயரைக் கழற்றுவது போல ஏதோ செய்து நேரம் எடுத்தாள். நான் யன்னலால் தலைகீழாகப் பாய்ந்தேன். கம்பி போடாத யன்னல், கீழே கிளுவை வேலி. முள் முதுகு முழுக்க இழுத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தேன். மேலே அக்கா லாப்டொப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டும் சத்தம் கேட்டது. மேசைக்குக் கீழேயும் காட்டினாள்.

வேலியோரம் குந்தியபடி போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். யார் யார் எங்கள் வைஃபையில் இருக்கிறார்கள் என்று அது காட்டும். செத்த வீட்டில் இருந்து இரண்டு பேர். ஒன்று கனடா மகனோடு கதைக்கும் போன். மற்றது அடக்கத்தை லைவ்வாகக் காட்டும் ஸ்ரூடியோக் கமெரா, அது வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது, வாய்க்கால் உடைத்த மாதிரி.

எனக்கு விஷயம் பிடிபட்டது. கேமில் மூலையில் ஒரு சின்ன இலக்கம் இருக்கும். நான் சுட்டது அங்கே போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று காட்டும். அக்கா கோர்ஸுக்கு வீடியோ அனுப்பும் நாட்களில் அந்த இலக்கம் சிவப்பாகிவிடும். நான் குறி பார்த்துச் சுட்டால், எதிராளி என்னை அதற்கு முன்னமே கொன்று, என் சாமானையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஏன் இப்படி என்று தேடி வீடியோக்கள் பார்த்தேன். அரைவாசி விளங்கவில்லை. மற்ற அரைவாசி என் வாடியிலேயே இருந்தது.

எங்கள் வாடியில் மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து வைப்போம். கொழும்பு லொறி வந்து முதலில் வைத்ததை முதலில் ஏற்றும். பெட்டி சின்னதாக இருந்த காலத்தில், நிறைந்ததும் கரையிலேயே ‘காணும், இனி வேண்டாம்’ என்று சொல்லிவிடுவோம். போட்காரர் எங்களைத் தூஷணத்தால் ஏசிவிட்டு அடுத்த முறை குறையக் கொண்டுவருவார்கள். பிறகு முதலாளி ஒரு பெரிய பெட்டி வாங்கினார். இனி யாரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று அவருக்குப் பெருமை. ஆனால் லொறி அதே லொறிதான். பெட்டி எப்போதும் நிறைந்தே கிடந்தது. ஒரு மீனையும் எறியவில்லை, ஆனால் எல்லா மீனும் பிந்திப் போனது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லாதபடியால் போட்காரருக்கு அது தெரியவே இல்லை, கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் ஒருவர் உயிர் நண்டு கொண்டுவந்தார். கொஞ்ச நண்டுதான், ஆனால் உயிரோடு போக வேண்டிய சாமான். அதுவும் அந்த மீன்களுக்குப் பின்னால்தான் நின்றது. லொறியில் ஏறும்போது அதற்கு அசைவில்லை.

ரவுட்டருக்குள்ளும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. வெளியே போகிற பாதை ஒடுக்கம். செத்த வீட்டு லைவ் அதைவிடக் கூட ஊற்றுகிறது. மிஞ்சினதை ரவுட்டர் எறிவதில்லை, நல்ல பிள்ளை மாதிரி அடுக்கி வைக்கிறது. அக்காவின் குரல் அந்த அடுக்குக்குப் பின்னால் நின்றது, நண்டு மாதிரி.

போன் திரையில் ‘தடை செய்’ என்று ஒரு பொத்தான். ஒரு விரல் போதும், செத்த வீட்டு லைவ் நிற்கும். அக்கா தப்புவாள். ஒருவருக்கும் தெரியவும் போவதில்லை. சிக்னல் போய்விட்டது என்று சொன்னால் எங்கள் ஒழுங்கையில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே அக்கா ஏதோ சொன்னாள். மௌனம். மனுசி பெருமூச்சு விட்டது எனக்கு வெளியே கேட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் இருந்து அந்தக் குரல் வந்தது. போன் ஸ்பீக்கர் வழியாக, ஒரு ஆம்பிளையின் குரல்.

“மூடாதேங்கோ! நான் இன்னும் சொல்லேல்ல! மூடாதேங்கோ!”

வேலியால் எட்டிப் பார்த்தேன். மாமியின் பெட்டி ஏற்கெனவே மூடியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் மாமியின் மகள், எனக்கு மச்சாள், போனைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றாள்.

“அண்ணா, எவ்வளவு நேரமாச் சொல்லு சொல்லு எண்டு கேட்டனான். நீ பேசாமல் இருந்தாய். உனக்கு ஏலாமல் இருக்காக்கும் எண்டுதான்…”

அவளுடைய சொல் அங்கே போய்ச் சேர முதலே அவர் திரும்பவும் கத்தினார், “மூடாதேங்கோ!” எல்லாரும் அவருக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து இன்னும் பெரிதாக அழுதார்கள்.

அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இங்கே மூடியது அவருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. மச்சாள் ‘சொல்லு’ என்று கேட்டதும் பிந்தித்தான் கேட்டது. அக்காவுக்கும் இவருக்கும் ஒரே வருத்தம்.

விரலை எடுத்தேன். வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். முற்றத்தில் ஸ்ரூடியோக்காரர் கமெராவுக்குப் பின்னால் நின்றார், கறுத்த சேர்ட், காதில் ஹெட்போன், ஏதோ கலியாண வீட்டுக்கு வந்தது போலத் தலையை வாரி இழுத்திருந்தார்.

“அண்ணை, லைவ்வைக் குறையுங்கோ.”

“என்னத்தைக் குறைக்க? அழுகையையோ?”

“குவாலிட்டியை. எல்லாத்திலயும் உயர வைச்சிருக்கிறீங்கள் என்ன?”

“பின்னை? அங்க பெரிய ரீவியில பாக்கினம் தம்பி. மாமியின்ர முகம் துலக்கமா வரவேணும். உனக்கென்ன, சிக்னல் ஃபுல்லா நிக்குது, பார்.”

“சிக்னல் ஃபுல். பாதை ஒடுக்கம். உங்கட லைவ் முன்னுக்குப் போய் நிண்டு மறிக்குது, அவையள் கதைக்கிறது பின்னுக்கு நிக்குது.”

“என்ர லைவ் ஒருக்காலும் நிக்கேல்ல!”

“அதுதான் அண்ணை பிரச்சினை. லைவ் எவ்வளவு பிந்திப் போனாலும் பாக்கிற சனத்துக்குத் தெரியாது. கதைக்கிறவைக்குத் தெரியும். அந்த மனுசன் தாயின்ர பெட்டி மூடினாப் பிறகுதான் மூடப்போறதைக் கண்டவர்.”

அவர் கமெராவை விட்டுத் தலையை நிமிர்த்தி மச்சாளின் கையில் இருந்த போனைப் பார்த்தார். எனக்கு அவரை அடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. மற்றப் பக்கம் எங்கள் யன்னலில் அக்காவின் தலை நிழல் அசையாமல் நின்றது.

“குறைச்சால் படம் மங்கும். பிறகு என்னைத்தான் ஏசுவினம்,” என்றார்.

மச்சாள் அழுகையோடு திரும்பினாள். “மங்கட்டும். அண்ணா கதைச்சாக் காணும்.”

ஸ்ரூடியோக்காரர் குனிந்து அமத்தினார். ஒரு படி இறக்கினார். நான் தலையை ஆட்டினேன், “இன்னும்”. இன்னொரு படி. “இன்னும் அண்ணை. பாதை கொள்ளுறதிலும் கொஞ்சம் குறைய விட்டால்தான் உள்ளுக்கு அடுக்கினது வடியும்.”

“இதுக்குப் பேசாமல் என்னை வீட்டை போகச் சொல்லலாம்,” என்றபடி இன்னொரு படி இறக்கினார்.

மச்சாளின் கையில் இருந்து போனை வாங்கினேன். “மச்சான், கேக்குதோ?”

“கேக்குது.” உடனே. நான் வாய் மூடவில்லை, அதற்குள். பிறகு, “ஆரடா அது, அம்மாவின்ர குரங்கோ?”

அழுது கொண்டிருந்த சனம் ஒருகணம் சிரித்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி ஆள் இல்லை என்று காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபாதர் பெட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “திறவுங்கோ. இன்னொருக்காத் திறக்கிறதில ஒரு பாவமும் இல்லை,” என்றார்.

அவர் தாயிடம் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை. போனை மச்சாளிடம் கொடுத்துவிட்டு வேலிக்கு ஓடினேன்.

எங்கள் யன்னலுக்குக் கீழே முள்ளில் குந்தினேன். மேலே அக்காவின் குரல். மனுசியின் குரல். அக்காவின் குரல். இடையில் ஓட்டை இல்லை. இரண்டு பேரும் ஒரு மேசையில் எதிர் எதிரே இருப்பது போலக் கதைத்தார்கள். மனுசி நிறுத்தி, அது என்ன சத்தம் என்று கேட்டா. பக்கத்து வீட்டில் ஒப்பாரி மீண்டும் எழுந்திருந்தது.

அக்கா மெதுவாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாவை அடக்கம் செய்கிறார்கள். அவவின் மகன் தூரத்து நாட்டில். எங்கள் இணைப்பில்தான் அவர் அதைப் பார்க்கிறார். நான் பிந்திப் பிந்திப் பதில் சொன்னது அதனாலாக இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அதை நிறுத்தச் சொல்லி என்னால் கேட்க முடியாது.

மனுசி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் லைன் நிறைந்துவிட்டதா? ஸ்ரூடியோக்காரன் ஏற்றிவிட்டானா? போனில் பார்த்தேன். லைனில் இடம் இருந்தது. இந்த மௌனம் மனுசியின் சொந்த மௌனம்.

பிறகு கேட்டா. எங்கள் இல்லத்தில் ஒருவர் சாகக் கிடக்கிறார், பிள்ளை வேறு நாட்டில், போனில் இருக்கிறது. நீர் என்ன செய்வீர்?

“போனை அவரின் காதுக்குப் பக்கத்தில் பிடிப்பேன்,” என்றாள் அக்கா, ஆங்கிலத்தில், யோசிக்காமல். “பிள்ளை பேசி முடித்துவிட்டது போல இருந்தாலும் உடனே எடுக்க மாட்டேன். கொஞ்சம் காத்திருப்பேன். தூரத்தில் இருந்து வருவது பிந்தி வரும்.”

“யெஸ்,” என்றா மனுசி. அதுவும் உடனே வந்தது.

லாப்டொப் மூடும் சத்தம் கேட்டது. யன்னலால் அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது, வியர்த்துக் களைத்து.

“செத்த வீட்டுக் கனெக்‌ஷனை நீயோடா வெட்டினனி?”

“இல்லை.”

“உண்மையாவோ?”

“மாமியின்ர ஆணை.”

“நல்லகாலம். வெட்டியிருந்தால் உன்னைக் கொன்றிருப்பன்.” பிறகுதான் என் முதுகைக் கண்டாள். “ஐயோ சேசுவே, என்னடா இது ரத்தம்?”

“இன்டர்வியூவில எனக்கும் கேள்வி கேட்டவை.”

பக்கத்தில் மாமியின் பெட்டியைத் தூக்கினார்கள். அக்கா முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் சனத்தோடு சேர்ந்து சேமக்காலைக்கு நடந்தோம். நான் வழி முழுக்கப் பகிடி விடவில்லை, அம்மா அதற்காக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா, காய்ச்சலோ என்று.

முப்பத்தோராம் நாள் செபத்துக்கு முன்னம் அக்காவுக்கு வேலை சரிவந்துவிட்டது. செப நாளன்றும் கதிரை போனது, பானை போனது, பாஸ்வேர்ட் போனது. ஸ்ரூடியோக்காரர் கமெராவை நிறுத்திவிட்டு நேரே எங்கள் வேலிக்கு வந்தார். என் சொந்தப் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது.

“டேய் குரங்கு, இண்டைக்கு எவ்வளவில விடட்டும்?”

உள்ளே அக்கா அந்த மனுசியோடு பயண விஷயம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

“அடியில விடுங்கோ அண்ணை,” என்றேன். “உள்ளுக்கு நண்டு ஒண்டு லைனில நிக்குது.”

“ஆரடா நண்டு?” என்று உள்ளே இருந்து கேட்டது. அந்தக் கேள்வி ஒரு நொடியும் பிந்தவில்லை. நான் வேலிக்கு அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டேன்.